700 ஆல்பங்கள்... பெயர் எங்கே? டிரம்மர் பில்லி ஹிக்கின்ஸைத் தேடிக் கேட்க வேண்டியது ஏன்?

1960 டிசம்பர் 21. நியூயார்க்கில் ஒரு ஸ்டுடியோ. எட்டு இசைக்கலைஞர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்து, சுமார் 37 நிமிடங்கள் நிறுத்தாமல் வாசிக்கிறார்கள். முன்கூட்டியே எழுதி வைத்தது இடையிடையே வரும் சில சிறு பகுதிகள் மட்டும்தான். மற்றதெல்லாம் அந்த நேரத்தில் தோன்றியது. சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பம் பதிவான நாள் அது. அந்த ஆல்பத்தின் பெயரே பிறகு ஜாஸில் ஒரு தனி வகைக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

1963 டிசம்பர் 21. சரியாக மூன்று வருஷம் கழித்து. நியூயார்க்கை ஒட்டிய நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோ. டிரம்பெட் கலைஞர் லீ மார்கன் 'தி சைட்வைண்டர்' ஆல்பத்தைப் பதிவு செய்கிறார். கேட்ட பத்தாவது விநாடியில் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும். ஜாஸ் ஆல்பத்துக்கு அபூர்வமாக, இது பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 25-வது இடம் வரை ஏறியது.

முதலாவதைக் கேட்டு 'இது இசையா, இரைச்சலா' என்று சண்டை போட்டவர்கள் ஏராளம். இரண்டாவதைக் கேட்டு யாரும் சண்டை போடவில்லை, ஆடினார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும் இந்த இரண்டு ரெக்கார்டிலும் டிரம்ஸ் வாசித்தவர் ஒரே ஆள்தான்: பில்லி ஹிக்கின்ஸ்.

ஜாஸ் வரலாற்றிலேயே மிக அதிகமாகப் பதிவு செய்யப்பட்ட டிரம்மர்களில் இவரும் ஒருவர். 700-க்கும் மேற்பட்ட ரெக்கார்டுகள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் ஜாஸ் பிளேலிஸ்ட் வைத்திருக்கிற ஒருவரிடம் 'ஹிக்கின்ஸ் கேட்டிருக்கீங்களா' என்று கேட்டுப் பாருங்கள். 'யாரு அது?' என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். அவருடைய பிளேலிஸ்ட்டிலேயே ஹிக்கின்ஸ் நாலைந்து இடத்தில் வாசித்துக்கொண்டிருப்பார்!

யார் இந்த பில்லி ஹிக்கின்ஸ்?

1936 அக்டோபர் 11-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். ரிதம் அண்ட் ப்ளூஸ் பேண்டுகளில் வாசித்துப் பழகியவர். அதே ஊரில் டான் செர்ரி என்ற டிரம்பெட் இளைஞனோடு சேர்ந்தார். இருவரும் அப்போது யாரும் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய ஆர்னெட் கோல்மனுடன் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார்கள்.

1958-ல் கோல்மனின் முதல் ஆல்பத்தில் ஹிக்கின்ஸ் வாசித்தார். 1959 மே 22-ல் ஹாலிவுட்டில் பதிவான 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' ஆல்பத்திலும் அவர்தான். பியானோ இல்லாத, நால்வர் மட்டுமே வாசித்த அந்த ஆல்பத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2012-ல் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அதே 1959 நவம்பரில் இந்தக் குழு நியூயார்க்கின் 'ஃபைவ் ஸ்பாட்' கிளப்பில் வாசித்தபோது நகரத்து இசை உலகமே இரண்டாகப் பிரிந்து வாதாடியது.

அப்போது ஹிக்கின்ஸுக்கு வயது 23.

700 எப்படிச் சாத்தியமாயிற்று?

1950-களின் கடைசியிலிருந்து 2001 வரை, ஏறத்தாழ 43 ஆண்டுகள். அதில் 700 என்றால் சராசரியாக ஆண்டுக்கு 16 ரெக்கார்டு. இந்தக் காலத்துப் பாடகர் ஒருவர் மூன்று வருஷத்துக்கு ஒரு ஆல்பம் போட்டாலே பெரிய விஷயம். இவருக்கு மட்டும் எப்படி முடிந்தது?

ஒரு காரணம் கொஞ்சம் கசப்பானது. 1940 முதல் 1967 வரை நியூயார்க் இரவு கிளப்புகளில் வேலை பார்க்க, போலீஸ் கொடுக்கும் 'கேபரே கார்டு' வேண்டும். போதைப்பொருள் வழக்கில் சிக்கினால் கார்டு போய்விடும். கார்டு இல்லாவிட்டால் மேடை இல்லை. தெலோனியஸ் மங்க் போன்ற மேதைகளே இதில் மாட்டி ஆண்டுக்கணக்கில் நியூயார்க் கிளப்புகளுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். 1960-ல் ஹிக்கின்ஸுக்கும் அதே கதி. கோல்மன் குழுவில் அவர் இடத்துக்கு எட் பிளாக்வெல் வந்தார்.

ஆனால் ஒலிப்பதிவு ஸ்டுடியோவுக்குள் போக அந்த கார்டு தேவையில்லை. மேடைக் கதவு மூடிய அதே காலத்தில்தான் ஸ்டுடியோ கதவு அவருக்கு அகலமாகத் திறந்தது. போதைப் பழக்கத்திலிருந்து பின்னாளில் அவர் மீண்டும் வந்தார்.

இரண்டாவது காரணம், ப்ளூ நோட் கம்பெனி வேலை செய்த விதம். அங்கே ஒத்திகைக்கும் சம்பளம் உண்டு. பிறகு ஒரே நாளில் முழு ஆல்பத்தையும் பதிவு செய்துவிடுவார்கள். புதிதாக எழுதிய மெட்டைக் காலையில் பார்த்து, சாயங்காலத்துக்குள் ரெக்கார்டில் உட்கார வைக்க வேண்டும். அதற்கு வேகமாகப் புரிந்துகொள்கிற, சக கலைஞர்களைப் பதற்றப்படுத்தாத டிரம்மர் வேண்டும். ஹிக்கின்ஸ் அதற்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி.

1962-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் ஜாக்கி மெக்லீனின் 'லெட் ஃப்ரீடம் ரிங்'. மே மாதம் ஹெர்பி ஹான்காக்கின் முதல் ஆல்பமான 'டேக்கிங் ஆஃப்'. புகழ்பெற்ற 'வாட்டர்மெலன் மேன்' முதன்முதலில் பதிவானது அதில்தான். ஜூலையில் சானி ராலின்ஸுடன் 'வில்லேஜ் கேட்' கிளப்பில் நேரடிப் பதிவு. ஆகஸ்ட் 27-ல் டெக்ஸ்டர் கார்டனின் 'கோ'. ஒரே வருஷத்தில் பதிவான இவை நான்குமே இன்றுவரை மறுவெளியீடு ஆகிக்கொண்டிருக்கின்றன. பட்டியல் இதோடு முடியவும் இல்லை.

சரி, அப்படி என்னதான் வாசித்தார்?

டிரம்ஸ் என்றாலே நமக்கு வேகம், வியர்வை, இடி முழக்கம்தான் ஞாபகத்துக்கு வரும். ஹிக்கின்ஸிடம் அதைத் தேடினால் ஏமாற்றம்தான். அவருடைய பலம் அவர் எழுப்பும் குறைந்த சத்தத்தில் இருக்கிறது.

ஜாஸ் டிரம்மரின் வலது கை பெரும்பாலும் 'ரைடு சிம்பல்' என்ற பெரிய தட்டின் மேல் இருக்கும். 'டிங்... டிங்-க-டிங்' என்று விடாமல் வருகிறதே, அந்த ஒலி. பாட்டின் மூச்சே அதுதான். பல டிரம்மர்கள் அதை ஓங்கித் தட்டுவார்கள். ஹிக்கின்ஸ் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவார். தட்டு ஒலிக்கும், ஆனால் மற்ற வாத்தியங்களை மூடாது. பேஸ் கிட்டாரைவிட மெல்லிய ஒலி கொண்ட அக்கூஸ்டிக் பேஸின் ஒவ்வொரு நோட்டும் அதன் அடியில் தெளிவாகக் கேட்கும். அவரோடு வாசிக்க பேஸ் கலைஞர்கள் அத்தனை பேர் ஏன் விரும்பினார்கள் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இரண்டு உதாரணம்.

'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' ஆல்பத்தின் முதல் டிராக், 'லோன்லி உமன்'. சாக்ஸபோனும் டிரம்பெட்டும் சோகமான மெட்டை மெதுவாக, ஒப்பாரி போல இழுக்கின்றன. அதே நேரத்தில் ஹிக்கின்ஸின் சிம்பல் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மெட்டு ஒரு வேகம், தாளம் வேறொரு வேகம். இரண்டும் மோத வேண்டும், மோதுவதில்லை. கூட்டமான தெருவில் எல்லோரும் விரைந்து போய்க்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் அழுதபடி நிற்கிற மாதிரியான உணர்வு வருகிறது. தாளமும் மெட்டோடு சேர்ந்து மெதுவாகப் போயிருந்தால், அது இன்னொரு சோகப் பாட்டாக முடிந்திருக்கும்.

இன்னொன்று, 'தி சைட்வைண்டர்' தலைப்பு டிராக். 10 நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. அடிப்படை அமைப்பு ப்ளூஸ். ஹிக்கின்ஸ் அதில் ஸ்விங்கையும் லத்தீன் தாளத்தையும் கலந்து ஒரு நடை பிடிக்கிறார். இது ஜாஸா, நடனப் பாட்டா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. முக்கியமான விஷயம், அந்தப் பத்து நிமிடமும் அந்த நடை சலிப்பதே இல்லை. காரணம், அது உண்மையில் அப்படியே திரும்ப வருவதும் இல்லை. டிரம்பெட் வாசிக்கும்போது ஒரு மாதிரி, பியானோ வாசிக்கும்போது இன்னொரு மாதிரி, சின்னச் சின்னதாக மாறிக்கொண்டே இருக்கிறது. நாம் கவனிக்காத அளவுக்குச் சின்ன மாற்றங்கள். ஆனால் நம் கால் கவனித்துக்கொண்டிருக்கும்.

இந்த ஆல்பம் ஓடிய பிறகு, ஆல்பத்தின் முதல் பாட்டு இதே மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசை கம்பெனிக்கு வந்துவிட்டது. லீ மார்கனின் 'தி ரம்ப்ரோலர்' போன்ற ஆல்பங்கள் அந்த வழியில் வந்தவைதான். அதிலும் டிரம்ஸ் ஹிக்கின்ஸே.

'அளவு கூடினால் தரம் குறையாதா?'

நியாயமான கேள்வி. 700 ரெக்கார்டும் காவியம் என்று யாரும் சொல்ல முடியாது. சாதாரணமான செஷன்கள் இருக்கின்றன. மெட்டு சுமாராக இருந்து, டிரம்ஸ் மட்டும் நன்றாக இருக்கும் ஆல்பங்களும் உண்டு. அவர் பெயரிலேயே வந்த ஆல்பங்கள் பத்துக்கும் குறைவு; அவருடைய உச்சம் அவற்றில் இருப்பதாகச் சொல்வதும் கஷ்டம்.

ஆனால் இதை வைத்தே அவரை 'கூப்பிட்டால் வந்து வாசித்துவிட்டுப் போகும் ஆள்' என்று ஒதுக்குவது தவறு. ஏன்?

கோல்மன் குழுவில் தாளமே கேள்விக்குறி. டெக்ஸ்டர் கார்டனுக்குத் தாளம் ஓர் ஈஸி சேர். சாய்ந்துகொண்டு, ஓரடி பின்தங்கி வாசிப்பார். மங்கின் இசையில் மௌனத்துக்கும் இடம் விட வேண்டும். 1960 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவின் 'பிளாக்ஹாக்' கிளப்பில் மங்குடன் வாசித்தவரும் ஹிக்கின்ஸ்தான். ராலின்ஸ் ஒரே பாட்டை 25 நிமிடம் இழுத்துக்கொண்டு எங்கெங்கோ போவார். கூடவே போக வேண்டும். இத்தனை பேருடைய இசையிலும் அவரவர் குணம் கெடாமல், தன் கையெழுத்தும் மறையாமல் வாசிப்பது சும்மா வருகிற திறமை இல்லை. ஒரே பாணியில் 700 ரெக்கார்டு வாசித்திருந்தால் அதை உழைப்பு என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். எதிரெதிர் பாணிகளில், இருதரப்பும் 'இவர்தான் வேண்டும்' என்று கேட்கும்படி வாசித்ததை அப்படி நகர்ந்து போக முடியாது.

இன்னும் சொல்லப்போனால், ஃப்ரீ ஜாஸும் ஹிட் ஜாஸும் இரண்டு எதிரி முகாம்கள் என்று எழுதப்பட்ட வரலாற்றையே இவருடைய ரெக்கார்டுகள் சந்தேகப்பட வைக்கின்றன. கேட்பவர்கள்தான் முகாம் பிரித்தார்கள். ஹிக்கின்ஸ் இரண்டு இடத்திலும் அதே தட்டை, அதே மென்மையோடு தொட்டார்.

பெயர் எங்கே தொலைந்தது?

ஜாஸ் ஆல்பம் 'லீடர்' பெயரில் வரும். மற்றவர்கள் 'சைட்மேன்', நம் ஊர் மொழியில் பக்கவாத்தியம். எல்பி காலத்தில் அட்டையின் பின்பக்கம் யார் யார் என்ன வாசித்தார்கள் என்று அச்சடித்திருக்கும். ரெக்கார்டை ஓடவிட்டு, அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்பது அந்தத் தலைமுறையின் வழக்கம். ஒரே பெயர் மூன்று நான்கு அட்டைகளில் கண்ணில் பட்டால், 'அட, இவரேதானா அவரும்!' என்று புரிந்துவிடும்.

ஸ்ட்ரீமிங் ஆப்பில் அந்தப் பின்பக்கம் கிடையாது. தேடினால் லீடர் பெயரில்தான் ஆல்பம் வரும். ஹிக்கின்ஸ் பெயரைத் தட்டினால் அவர் சொந்தப் பெயரில் போட்ட சில ஆல்பங்கள் தெரியும். 'சைட்வைண்டர்' பெரும்பாலும் தெரியாது. கிரெடிட்ஸ் என்று தனிப் பகுதி இருக்கிற ஆப்களிலும் பழைய ஜாஸ் பதிவுகளுக்குப் பல இடங்களில் அது அரைகுறைதான்: எழுதியவர், தயாரித்தவர், அவ்வளவு. நம் சபாக்களின் கச்சேரி நோட்டீஸில்கூட பாடகர் பெயருக்குக் கீழே வயலின் யார், மிருதங்கம் யார் என்று போட்டிருக்கும். கோடிக்கணக்கான பாட்டுகளை அடுக்கி வைத்திருக்கிற ஆப்களால் அதைச் செய்ய முடியவில்லை என்பதை எப்படி நம்புவது?

பெயர் போனால் என்ன, பணம் வந்திருக்குமே என்கிறீர்களா? அதுவும் இல்லை. அந்தக் கால வழக்கப்படி சைட்மேனுக்கு ஒரு செஷனுக்கு இவ்வளவு என்று சம்பளம். அத்தோடு கணக்கு முடிந்தது. மெட்டை எழுதியவருக்கு ராயல்டி உண்டு. பதிவு கம்பெனிக்குச் சொந்தம். தாளம்தான் பாட்டை ஓடவைத்தது என்றாலும் தாளத்துக்கு ராயல்டி கிடையாது.

அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலியில் பாட்டு போட்டால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகும்; வாசித்தவருக்குத் தர வேண்டும் என்று சட்டம் இல்லை. இணைய வானொலி, சாட்டிலைட் வானொலிக்கு மட்டும் 1990-களில் வந்த சட்டம் ஒரு பங்கு ஒதுக்கியது. அதில் பதிவின் உரிமையாளருக்கு 50 சதவீதம், முதன்மைக் கலைஞருக்கு 45 சதவீதம். மீதி 5 சதவீதம்தான் பக்கவாத்தியக்காரர்கள், பின்னணிப் பாடகர்கள் எல்லோருக்குமான பொது நிதி. அந்த 5 சதவீதத்தைப் பிரித்துக் கொடுக்கவும் யார் வாசித்தார்கள் என்ற தகவல் வேண்டும். அதாவது, கிரெடிட் என்பது வெறும் மரியாதை விஷயம் இல்லை. பெயர் பதிவாகாத இடத்தில் பணமும் சரியான ஆளைப் போய்ச் சேராது.

லீடர்தானே ரிஸ்க் எடுக்கிறார், பெயரும் அவருக்குத்தானே என்று வாதிடலாம். பெயரைப் பங்கு போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மார்கனின் பெயர் முகப்பில் இருக்கட்டும். ஒரு முறை தட்டினால் ஹிக்கின்ஸ் பெயர் வரட்டும். அந்தப் பெயரைத் தட்டினால் அவர் வாசித்த மற்ற ரெக்கார்டுகள் வரட்டும். பழைய அட்டைகளில் எல்லாத் தகவலும் அச்சிலேயே இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. எடுத்து ஏற்றினால் போதும். மறுவெளியீட்டில் இன்னும் சம்பாதிக்கிற கம்பெனிகளுக்கு இது பெரிய செலவும் இல்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

போன் ஸ்பீக்கர் வேண்டாம்; ஹெட்போன் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு ரெக்கார்டு போதும்.

1. டெக்ஸ்டர் கார்டன், 'கோ' (1962): ஜாஸ் புதிதென்றால் இதுதான் வாசல். முதல் டிராக்கில் சாக்ஸபோனை மறந்துவிட்டு சிம்பலை மட்டும் கேளுங்கள்.

2. லீ மார்கன், 'தி சைட்வைண்டர்' (பதிவு 1963): வேலைக்குப் போகிற வழியில் கேட்க.

3. ஹாங்க் மோப்லி, 'டிப்பின்' (1965): இதில் வரும் 'ரெகாடோ பாஸா நோவா' டிராக்கில் பிரேசில் தாளம் ஹிக்கின்ஸ் கையில் எவ்வளவு லேசாக நடக்கிறது என்று பாருங்கள்.

4. ஆர்னெட் கோல்மன், 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' (1959): முதலில் குழப்பும். 'லோன்லி உமன்' மட்டும் மூன்று முறை.

5. ஆர்னெட் கோல்மன், 'ஃப்ரீ ஜாஸ்' (பதிவு 1960): ஸ்டீரியோவில் இரண்டு குழுக்களையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். இடது காதில் ஹிக்கின்ஸ், வலது காதில் எட் பிளாக்வெல். குழுவின் பழைய டிரம்மரும் புதிய டிரம்மரும் ஒரே நேரத்தில். ஒரு பக்க ஹெட்போனைக் கழற்றிக் கழற்றிக் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

6. சீடர் வால்டன், 'ஈஸ்டர்ன் ரெபெல்லியன்' (1975): பியானோ கலைஞர் வால்டனோடு ஹிக்கின்ஸுக்கு நீண்ட காலக் கூட்டு. கண்ணாலேயே பேசிக்கொள்கிற நண்பர்கள் வாசிப்பது எப்படி இருக்கும் என்பதற்கு இது சாட்சி.

கடைசியாக அட்டையில்...

'ஸ்மைலிங் பில்லி' என்பது அவருடைய செல்லப்பெயர். எந்தப் புகைப்படத்தைப் பார்த்தாலும் டிரம்ஸுக்குப் பின்னால் அந்தச் சிரிப்பு இருக்கும். 1989-ல் கவிஞர் கமாவ் தாவூதுடன் சேர்ந்து லாஸ் ஏஞ்சலிஸின் லைமர்ட் பார்க் பகுதியில் 'வேர்ல்ட் ஸ்டேஜ்' என்ற இடத்தை ஆரம்பித்தார். கறுப்பின மக்கள் அதிகம் வாழும் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தார். 1997-ல் அமெரிக்க அரசின் 'ஜாஸ் மாஸ்டர்' விருது வந்தது.

அதற்கு முந்தைய வருஷம் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தேறி வந்து மறுபடி வாசித்தார். ஆனால் நோய் திரும்பியது. 2001 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் சாக்ஸபோன் கலைஞர் சார்லஸ் லாயிடின் வீட்டில் நண்பர்கள் இருவரும் உட்கார்ந்து நாள்கணக்கில் வாசித்தார்கள். வேறு யாரும் இல்லை. ஹிக்கின்ஸ் டிரம்ஸோடு நிற்கவில்லை. கிட்டார் வாசித்தார், பாடினார். அதே ஆண்டு மே 3-ல், 64 வயதில் காலமானார்.

அந்த வீட்டுப் பதிவு 2004-ல் 'விச் வே இஸ் ஈஸ்ட்' என்ற பெயரில் இரட்டை ஆல்பமாக வந்தது. அதன் முகப்பில் இரண்டு பெயர்கள்: சார்லஸ் லாயிட், பில்லி ஹிக்கின்ஸ். இந்த ஒரு ரெக்கார்டில் அவர் பெயரைப் பார்க்க அட்டையைத் திருப்ப வேண்டியதில்லை.